பட்டுப்புடவை கட்டுறதுக்கா... பூட்டி வைக்கிறதுக்கா? ஆரணிப் பட்டு சொல்லும் கணக்கு!

கல்யாணத்துக்காக ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி எடுத்த பட்டு. முகூர்த்தத்தன்று கட்டியாச்சு. தலை தீபாவளிக்கு இன்னொரு தடவை. அதுக்கப்புறம்? பெரும்பாலான வீடுகளில் அது பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். ‘அழுக்காகிடும்’, ‘ஜரிகை போயிடும்’, ‘இவ்ளோ காசு போட்டு வாங்கினதை சும்மா கட்டுவாங்களா?’ என்று காரணங்கள் வரிசையாக வரும். பத்து வருஷம் கழித்து ஆசையாக வெளியே எடுத்தால், மடிப்பு விழுந்த இடத்தில் துணி விட்டுப்போயிருக்கும். பளபளவென்று இருந்த ஜரிகை கறுத்திருக்கும்.

கட்டவே இல்லையே, அப்புறம் எப்படிக் கெட்டுப்போச்சு?

பட்டு எப்படி உருவாகிறது, பீரோவுக்குள் அதற்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் புடவையைக் கட்டலாம், எதைப் பத்திரமாக வைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். அதற்கு ஆரணியைவிட நல்ல இடம் கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

ஆரணியில் ஒரு புடவை எப்படிப் பிறக்குது?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பெயரைச் சொன்னதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் பலருக்கு ஆரணியின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. காஞ்சிபுரம் கடைகளுக்குப் போகும் புடவைகள்கூட இங்கே நெய்யப்படுவதுண்டு.

பட்டு நூல் வந்ததும் முதலில் முறுக்கேற்றுவார்கள். பிறகு சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைப்பார்கள். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது, இழைகள் ஒட்டிக்கொள்வதற்காக செரிசின் என்ற ஒருவகைப் பசையைச் சேர்த்தே நூற்கும். அந்தப் பசை போனால்தான் பட்டுக்கு மென்மையும் மினுமினுப்பும் வரும். இதில் நூலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்துபோகும். இந்த எடைக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சாயம். பிறகு பாவு. அதாவது, புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல்கள். விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து ஒழுங்குபடுத்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். அதன்பின் தறியில் ஏற்கெனவே இருக்கும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! கண்ணும் விரலும் மட்டுமே கருவி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நெசவே ஆரம்பிக்கிறது. ஒருவர் தறியில் உட்கார்ந்தால், வீட்டில் இன்னொருவர் ஊடைக்குத் தார் சுற்றுவார். டிசைனைப் பொறுத்து ஒரு புடவைக்குச் சில நாள்களும் ஆகலாம், இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். விலைச்சீட்டில் இருப்பது ஒரு புடவையின் விலை. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

ஆரணிப் பட்டின் தனித்தன்மை என்ன? காஞ்சிபுரத்தின் கனமான கோர்வைப் பட்டோடு ஒப்பிட்டால், பொதுவாக இதன் எடை குறைவு, விலையும் குறைவு. ஒரு முழு நாள் கட்டிக்கொண்டு ஓடியாடி வேலை பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், இது கட்டுவதற்காகவே நெய்யப்படும் பட்டு. அதையும் பூட்டி வைக்கிறோம் என்பதுதான் வேடிக்கை.

புடவைக்குள்ள என்னதான் இருக்கு?

ஒரு பட்டுப்புடவையில் குணத்தில் நேரெதிரான இரண்டு பொருள்கள் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன.

முதலாவது, பட்டு. இது ஃபைப்ராயின் என்ற புரதம். நம் தலைமுடி, நகம் போல இதுவும் ஓர் உயிரிடமிருந்து வந்த பொருள். வளையும், நெளியும், காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். ஆனால் வெயிலைத் தாங்காது. வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் பட்டு இழையை மெல்ல மெல்ல மஞ்சளாக்கி, பலமில்லாமல் செய்துவிடும்.

இரண்டாவது, ஜரிகை. அசல் ஜரிகை என்பது, தட்டையாக்கப்பட்ட மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின் மேல் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. இதன் எடையில் வெள்ளி சுமார் 40 சதவீதம், தங்கம் அரை சதவீதத்தை ஒட்டி. மீதி செம்பும் பட்டு நூலும். கண்ணுக்குத் தங்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பகுதி வெள்ளியும் செம்பும்தான். காஞ்சிபுரத்தில் அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இப்படிப்பட்ட ஜரிகையைத் தயாரிக்கிறது. விலை குறைந்த புடவைகளில் செம்புக் கம்பி ஜரிகையோ, பளபளக்கும் பாலியெஸ்டர் ஜரிகையோ இருக்கும்.

பட்டு வளையும். உலோகம் ஓரளவுக்குத்தான் வளையும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடித்து அழுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் பீரோவில் நடக்கிறது.

பீரோவுக்குள்ள நடக்கும் நான்கு விஷயங்கள்

1. மடிப்பு: கடையில் மடித்துக் கொடுத்த அதே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடக்கும் புடவைக்கு மேல், இன்னும் பத்துப் புடவைகளின் எடை. மடிப்பு முனையில் இருக்கும் இழைகள் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கின்றன. ஜரிகைக் கம்பி அங்கே விரிசல் விடும். விரிசலின் கூர்மையான ஓரம் பக்கத்திலிருக்கும் பட்டு இழையை அறுக்கும். அதனால்தான் பழைய புடவைகள் எப்போதும் மடிப்பில் கிழிகின்றன, குறிப்பாக பார்டரிலும் முந்தியிலும்.

2. கறுப்பு: வெள்ளிக்கு கந்தகம் ஆகாது. காற்றில் துளியளவு கந்தகச் சேர்மம் இருந்தாலும் வெள்ளி கறுத்துவிடும். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதும் இதனால்தான். தங்க முலாம் மிக மெல்லியது என்பதால் முழுக் காவலாக இருக்க முடியாது. ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, மலிவான அட்டைப் பெட்டி எல்லாமே கந்தகத்தை வெளியிடக்கூடியவை. புடவையை அட்டைப் பெட்டியில் வைத்து மேலே ரப்பர் பேண்டும் போடுகிறோமே, அது வேலியே பயிரை மேய்ந்த கதை!

3. ஈரம்: மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழியில்லை. பூஞ்சை வரும். பட்டு மூச்சுவிடும் துணி. பிளாஸ்டிக் கவர் கடையிலிருந்து வீடு வருவதற்குத்தான், குடியிருக்க அல்ல.

4. பூச்சி: துணியை அரிக்கும் பூச்சிகளுக்கு இருட்டும் அசைவில்லாத இடமும் ரொம்பப் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும். சில வண்டுகளின் புழுக்களுக்குப் பட்டின் புரதமே சாப்பாடு. அடிக்கடி எடுத்து உதறி, கட்டி, காற்றாட விடும் புடவையில் இவற்றால் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது. மாதக்கணக்கில் யாரும் தொடாத புடவைதான் அவற்றுக்குச் சொர்க்கம்.

சரி, அந்துருண்டை போட்டால்? நாப்தலீன் உருண்டையைப் புடவைக்குள்ளேயே நேரடியாகப் போடக் கூடாது. ஜரிகை நிறம் மாறவும், பட்டில் கறை விழவும் வாய்ப்பிருக்கிறது. இன்னொரு முக்கியமான விஷயம், G6PD என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆபத்து. அந்த வாசனை ஏறிய துணியால் சுற்றப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. பாட்டியின் பட்டில் பேரக்குழந்தையைச் சுற்றி போட்டோ எடுக்கும் ஆசை இருந்தால், இதை மனதில் வச்சுக்கோங்க.

உடுத்தாத பட்டும் கிழியும்: ஐரோப்பாவில் நடந்தது

மேலே ஓர் எடைக் கணக்கு சொன்னோமே, அது இங்கேதான் வருகிறது. பசையை நீக்கினால் பட்டின் எடை கால்வாசி வரை குறையும். எடை பார்த்து விற்கும் வியாபாரிக்கு அது நஷ்டம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க ஆலைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. வெள்ளீயம் போன்ற உலோகங்களின் உப்புகளில் பட்டை ஊறவைத்து எடையை ஏற்றினார்கள். துணி கனமாக, சரசரவென்று, ஜோராக இருந்தது. விற்றும் தீர்ந்தது.

விளைவு? அந்தக் காலத்து கவுன்கள் இன்றைக்கு அருங்காட்சியகங்களின் பெட்டிகளுக்குள் படுத்த படுக்கையாகவே நார் நாராகக் கிழிந்துகொண்டிருக்கின்றன. யாரும் கட்டவில்லை, தொடவில்லை. உள்ளே இருந்த உப்பே இழையைத் தின்றுவிட்டது.

நம்மூர்ப் பட்டெல்லாம் அப்படி என்று அர்த்தமில்லை. தொடாமல் வைத்தாலே பத்திரம் என்ற நம்பிக்கை எவ்வளவு தப்பு என்பதற்கு இது ஓர் உதாரணம். துணிக்கு வயசாவதை நிறுத்த முடியாது. அந்த வயதை யாரோடு கழிக்கிறது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

அப்போ, கட்டினா கெடாதா?

கெடும். அதையும் நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

முதல் எதிரி வியர்வை. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மண்டபத்தில் அரை நாள் பட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும். வியர்வையில் இருக்கும் உப்பும், அது காய்ந்த பிறகு நடக்கும் மாற்றங்களும் சாயத்தையும் இழையையும் பாதிக்கும். அக்குள், இடுப்பு, கழுத்துப் பகுதிகளில் நிறம் மங்குவது இதனால்தான். டியோடரன்ட்டில் இருக்கும் அலுமினிய உப்புகள் அதை இன்னும் வேகப்படுத்தும். சென்ட்டில் இருக்கும் ஆல்கஹால் சாயத்தைக் கலங்கவைக்கும்.

இரண்டாவது எதிரி, நாம் துவைக்கும் முறை. இன்றைய வாஷிங் பவுடர் பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் நொதிகள் இருக்கின்றன. பட்டே புரதம்தானே? கறையைத் தின்னும் நொதி பட்டையும் விட்டுவைக்காது. ப்ளீச் இன்னும் மோசம், பட்டைக் கரைத்தே விடும்.

மூன்றாவது, சேஃப்டி பின். பிறகு சாம்பார், ஐஸ்க்ரீம், குழந்தையின் கை!

இவ்வளவு இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கட்டுவதால் வரும் சேதத்தில் பெரும்பகுதியை நாம் கவனமாக இருந்தால் தவிர்க்கலாம், வந்தாலும் உடனே கண்ணில் படும். பீரோவில் வரும் சேதம் சத்தமில்லாமல் வரும். நாம் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

இரண்டு வயலின்களின் கதை

‘அழகான பொருளைப் பயன்படுத்தலாமா, பாதுகாக்கலாமா’ என்ற குழப்பம் புடவைக்கு மட்டும் வந்ததில்லை. இத்தாலியின் கிரெமோனா ஊரில் செய்யப்பட்ட இரண்டு வயலின்களைப் பாருங்கள்.

ஒன்று, 1716-ல் ஸ்ட்ராடிவாரி செய்தது. ‘மெசையா’ என்று பெயர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 300 வருஷத்துக்கு மேலாகியும் நேற்று செய்ததுபோல் வார்னிஷ் மின்னுகிறது. காரணம், அதை ஏறக்குறைய யாருமே வாசிக்கவில்லை.

இன்னொன்று, 1743-ல் குவார்னேரி செய்தது. மாமேதை பகனினி வாழ்நாள் முழுக்க வாசித்த வயலின். அதன் முழக்கத்தைக் கேட்டு அவரே அதற்கு ‘பீரங்கி’ என்று பெயர் வைத்தார். தன் காலத்துக்குப் பிறகு சொந்த ஊரான ஜெனோவாவுக்கு அதை எழுதிவைத்தார். அந்த நகரம் அதைப் பாதுகாக்கிறது, ஆனால் முழுசாகப் பூட்டி வைக்கவில்லை. பகனினி பெயரில் நடக்கும் வயலின் போட்டியில் ஜெயிப்பவருக்கு அதை வாசிக்கும் பாக்கியம் கிடைக்கிறது. உடம்பெல்லாம் தேய்மானம். ஆனாலும் அதன் குரல் இன்றைக்கும் கேட்கிறது.

இதில் எது சரி? இரண்டும்தான். ஒரு புது ஸ்ட்ராடிவாரி எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய வயலின் ஆசாரிகள் தெரிந்துகொள்ள ‘மெசையா’ வேண்டும். ஆனால் எல்லா வயலினும் ‘மெசையா’ ஆகிவிட்டால், சங்கீதத்தை எங்கே போய்க் கேட்பது?

புடவைக்கும் இதே கதைதான். 1937-ல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் நெசவு மையத்தைத் தொடங்கியபோது, வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய பார்டர்களையும் நிறச் சேர்க்கைகளையும் மறுபடி தறிக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு, பத்திரமாக வைக்கப்பட்ட பழைய புடவைகள் பொக்கிஷம். அதனால் சிலதை வைக்கத்தான் வேண்டும். கேள்வி, எதை?

உங்க பீரோவை மூன்றாகப் பிரிங்க!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாப் பட்டையும் கட்டிலில் பரப்புங்கள். ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் நூல் விலகியிருக்கிறதா, ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் வருகிறதா, லேசாக இழுத்தால் விடுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மூன்று குவியல்.

முதல் குவியல், ‘கட்ட வேண்டியவை’: துணி உறுதியாக இருக்கும், கடையில் இன்றும் அதுபோல வாங்க முடியும் என்ற புடவைகள் எல்லாம் இதில் வரும். பெரும்பாலான ஆரணிப் பட்டு, மென்பட்டு, சின்ன பார்டர் காஞ்சிப் பட்டு எல்லாம் இங்கேதான். இவற்றுக்கு விசேஷம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நண்பரின் பிறந்தநாள், ஆபீஸ் பொங்கல், வெள்ளிக்கிழமை கோயில் எதுவானாலும் போதும்.

இரண்டாவது குவியல், ‘எப்போதாவது கட்ட வேண்டியவை’: கனமான ஜரிகை, கோர்வை பார்டர், உங்கள் முகூர்த்தப் புடவை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. கல்யாண நாளன்று முகூர்த்தப் பட்டையே கட்டும் வழக்கத்தை ஆரம்பித்துவிட்டால், வருஷத்துக்கு ஒரு முறை அதற்கு மடிப்பு மாறும், காற்றுப் படும், சேதம் இருந்தால் கண்ணில்படும்.

மூன்றாவது குவியல், ‘வைக்க வேண்டியவை’: பாட்டியின் புடவை, இன்றைக்கு நெய்ய ஆளில்லாத டிசைன், தொட்டாலே விடும் நிலையில் இருப்பவை. இவற்றை நீங்கள் கட்டினால் ஒரே நாளில் கிழியலாம். இந்தக் குவியலில் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால், நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே பத்திரப்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம்!

முதல் குவியலில் இருப்பதைக் கட்டத் தயக்கமாக இருக்கிறதா? பெங்களூரில் ஆலி மாத்தன், அஞ்சு மௌட்கல் கடம் என்ற இரு தோழிகள் 2015-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வருஷத்துக்குள் 100 தடவை புடவை கட்டுவது, ஒவ்வொரு புடவையின் பின்னால் இருக்கும் கதையையும் சோஷியல் மீடியாவில் சொல்வது. அது நாடு முழுக்கப் பரவியது. பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த எத்தனையோ புடவைகள் அந்த வருஷம் வெளியே வந்தன. நூறு வேண்டாம், வருஷத்துக்குப் பத்து என்று ஆரம்பியுங்களேன்.

பயமில்லாமல் கட்ட...

* சென்ட், டியோடரன்ட் எல்லாம் புடவை கட்டுவதற்கு முன்பே போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள்.
* சேஃப்டி பின்னில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டுக் குத்துங்கள். பின்னின் சுருளில் நூல் மாட்டாது. ஜரிகையில் குத்தவே வேண்டாம்.
* புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்காமல் கட்டாதீர்கள். தரையில் உரசும் பார்டரை அதுதான் காப்பாற்றும்.
* வீட்டுக்கு வந்ததும் சுருட்டிப் போடாமல், நிழலில் சில மணி நேரம் விரித்துக் காயவிடுங்கள். வெயில் கூடாது.
* ஒவ்வொரு தடவையும் டிரைவாஷ் தேவையில்லை. கறையோ வியர்வைப் படிவோ இருந்தால் மட்டும் கொடுங்கள். கறை பட்டால் தேய்க்காமல், வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.
* அயர்ன் பண்ணும்போது மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள். ஜரிகை மேல் நேரடியாகப் பெட்டி படக் கூடாது.

பத்திரமா வைக்க...

* துவைத்துக் கஞ்சியில்லாமல் இருக்கும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பதுதான் நல்லது. நம் பாட்டிகள் செய்ததும் அதுதான்.
* ஜரிகை உள்பக்கம் வருமாறு மடியுங்கள். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பின் இடத்தை மாற்றி மடியுங்கள். மொபைலில் ஒரு ரிமைண்டர் போட்டால் முடிந்தது.
* கனமான ஜரிகைப் புடவையை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். அதன் எடையே துணியை இழுக்கும். இரும்பு ஹேங்கர் என்றால் துருக்கறை வேறு.
* மூன்றாவது குவியலில் இருப்பவற்றை மடிக்காமல், பருத்தித் துணி சுற்றிய நீளமான குழாயில் உருட்டி வையுங்கள். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளை இப்படித்தான் வைக்கிறார்கள்.
* அந்தப் புடவைகளைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, யாருடையது, எந்த ஊரில், எப்போது வாங்கியது என்று எழுதி வையுங்கள். விவரம் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ரூபாய்க் கணக்கும் நெசவாளர் கணக்கும்

12,000 ரூபாய்க்கு ஒரு பட்டு வாங்கி இரண்டே தடவை கட்டினால், ஒரு தடவைக்கு 6,000 ரூபாய். அதையே வருஷத்துக்கு இரண்டு தடவை வீதம் 12 வருஷம் கட்டினால் 24 தடவை. ஒரு தடவைக்கு 500 ரூபாய். இடையில் சில டிரைவாஷ் செலவைச் சேர்த்தாலும், ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு எடுக்கும் வாடகை உடையைவிட இது லாபம்.

கட்டாத புடவை கடைசியில் எங்கே போகிறது தெரியுமா? ‘பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்’ என்று பல ஊர்களில் போர்டு பார்த்திருப்பீர்கள். அங்கே புடவையின் நிறமோ, டிசைனோ, நெய்தவரின் கைத்திறனோ கணக்கில் வராது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்பது மட்டும்தான் கேள்வி. துணியை எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு குடும்பம் பல நாள் உட்கார்ந்து நெய்தது கடைசியில் சில கிராம் வெள்ளியாக முடிகிறது. நாலு கல்யாணம், நாலு தீபாவளி பார்த்துக் கிழிந்த புடவைக்கு அந்த முடிவு வந்தால் வருத்தமில்லை. இரண்டே தடவை கட்டிய புடவைக்கு வந்தால்?

நெசவாளர் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் முக்கியம். பட்டு என்றால் கல்யாணத்துக்கு மட்டும் என்று எல்லோரும் நினைத்தால், ஒருவர் வாழ்நாளில் வாங்குவது ஒன்றிரண்டு புடவைதான். முகூர்த்த மாதம் இல்லாத காலத்தில் தறிக்கு வேலை குறையும். தறியில் நிலையான வருமானம் இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவார்கள். பிரியதர்ஷன் இயக்கத்தில் பிரகாஷ் ராஜ் நடித்து, தேசிய விருது வாங்கிய ‘காஞ்சிவரம்’ படம் பார்த்திருக்கிறீர்களா? மகளின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுப்புடவை என்பது, பட்டு நெய்பவருக்கே எட்டாத கனவாக இருந்த காலத்தின் கதை அது. நம்மிடம் இருக்கிறது, நாம் கட்ட மாட்டேன் என்கிறோம்!

புடவையைக் கட்டுகிறவர்தான் அடுத்த புடவையையும் தேடுவார். எது உடம்புக்கு இதமாக இருக்கிறது, எந்த ஜரிகை குத்துகிறது, எந்தச் சாயம் நிற்கிறது என்பதெல்லாம் கட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர்தான் கடையில் சரியான கேள்வியைக் கேட்பார்.

அடுத்த தடவை வாங்கும்போதே முடிவு பண்ணுங்க

கடைக்குப் போகும் முன்பே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை அடுத்த ஒரு வருஷத்தில் மூன்று தடவையாவது கட்டுவேனா?’ பதில் ‘ஆமாம்’ என்றால், எடை குறைந்த, சின்ன ஜரிகை வைத்த ஆரணிப் பட்டு மாதிரி ஒன்றைப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து, தோளில் போட்டு, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். அசல் பட்டுதானா என்பதற்கு சில்க் மார்க், கையால் நெய்ததா என்பதற்குக் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஜரிகை அசலா, செம்பா, பாலியெஸ்டரா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கட்டுவதற்கு என்றால் விலை குறைந்த ஜரிகையிலும் தப்பில்லை. ஆனால் கொடுக்கும் காசு அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும், அவ்ளோதான்.

ஆரணித் தெருவில் விடியற்காலையில் இழுத்துக் கட்டிய அந்தப் பாவில், ஒவ்வோர் இழையாகப் பிரித்துவிட்டவர்கள் மனதில் இருந்தது ஒரு பூட்டிய பீரோ இல்லை. யாரோ ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்பதுதான். அடுத்த விசேஷம் எப்போ வரும் என்று காலண்டரைப் பார்க்காதீங்க. இந்த வெள்ளிக்கிழமையே ஒன்றை எடுத்துக் கட்டுங்க!